நேரலையை நிறுத்திவிட்டால் ஆட்கள் கோயிலுக்குத் திரும்புவார்களா?

கேள்வி: 31 ஜனவரி 2022

"வெள்ளிக்கிழமை முதல் எல்லா நாளும் வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்றார்கள். நேற்று ஞாயிறு ஆராதனை மறுபடி நடந்தது. பெஞ்சு பாதி காலி. அதே நேரத்தில் யூடியூப்பில் நிறைய பேர் பார்த்திருக்கிறார்கள். நேரலைதான் சபையைக் கெடுத்தது, அதை நிறுத்தினால் வந்துதான் ஆக வேண்டும் என்கிறார் எங்கள் செயலாளர். மதுரைப் பக்கம் மற்ற சபைகளில் என்ன செய்கிறீர்கள்?"

1 பிப்ரவரி 2022

அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். நேரலை எங்கள் சபையைக் கெடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. இரண்டு வருஷமாக நாங்கள் கலைந்து போகாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது செல்லூர்ப் பக்கம், வைகைக்கு வடகரையில் இருக்கிற சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சபை. நூற்றைம்பது குடும்பம் இருக்கும். தறி, துணிக்கடை வேலை, ஆட்டோ, ஆசிரியர்கள், நர்சுகள், ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாரும் கலந்த சபை. 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு ஞாயிறு அன்று எங்கள் மணி அடிக்கவில்லை. 24-ம் தேதி மாலையே தமிழ்நாட்டில் 144 வந்துவிட்டது. 25-ம் தேதி நாடே பூட்டு. அன்று அதிகாலைதான் ராஜாஜி மருத்துவமனையில் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம். இறந்தவர் மதுரைக்காரர். எங்கள் தெருவிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். வேறு ஊர்களில் இதைச் செய்தியாகப் படித்திருப்பார்கள். இங்கே ஜன்னலைச் சாத்தினார்கள்.

அந்த வாரம் எங்கள் ஆயர் பிரசங்கத்தைப் பதிவு செய்து அனுப்பவில்லை. சபையின் குடும்பப் பதிவேட்டை எடுத்து, கமிட்டியிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் சங்கத்திலும் இருந்து சிலரைப் பிடித்து, தெருவாரியாகப் பிரித்துக் கொடுத்தார். ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. வாரம் இரண்டு தடவை போன் செய்ய வேண்டும். கேட்க வேண்டியதையும் அவரே சொல்லிக் கொடுத்தார்: சாப்பாடு இருக்கிறதா, சர்க்கரை, பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறதா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா. வசனம் சொல்லச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.

சபை பிழைத்தது இந்தப் பட்டியலால். யூடியூப் வந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான்.

அதே நாள் இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். பதிவேட்டில் இருந்த முகவரிகளில் பாதி பழையவை. வாடகை வீடு மாறியவர்கள், மகன் நம்பரை மட்டும் கொடுத்து வைத்தவர்கள், இறந்துபோன தாத்தா பெயரிலேயே இன்னும் ஓடுகிற குடும்பங்கள். அதைச் சரி செய்தது செயலாளரும் இல்லை, கணினியும் இல்லை. மாதாமாதம் வீடு வீடாகப் போய்ச் சங்கச் சந்தா வசூலிக்கிற அக்காதான். யார் எந்தச் சந்தில், யார் வீட்டில் யாருக்குக் காது கேட்காது, யாரிடம் மாமியார் இல்லாத நேரத்தில்தான் பேச முடியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முப்பது ரூபாய் வாங்கப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார் என்று முன்பு கமிட்டியில் அவரைக் குறை சொன்னதுண்டு. அந்த அரை மணி நேரங்கள்தான் 2020-ல் எங்களுக்குக் கைகொடுத்தன.

6 பிப்ரவரி 2022

ஆன்லைனில் எப்படிப் பாடினீர்கள், எங்களுக்குக் குரல்கள் சிதறுகின்றன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சேர்ந்து பாட முடியாது. முயற்சியே வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒலி போய்ச் சேர எடுக்கும் நேரம் வேறு, அதனால் ஒருவர் சரணத்தில் இருக்கும்போது இன்னொருவர் பல்லவியில் இருப்பார். போதாததற்கு, ஜூம் செயலி பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று எண்ணி ஆர்மோனியத்தையும் கீபோர்டையும் அமுக்கிவிடும். அமைப்புகளில் அசல் ஒலி என்று ஒன்று இருக்கிறது, பாடுகிறவர் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாரும் மைக்கை அணைத்துவிட்டு வீட்டிலேயே சத்தமாகப் பாட வேண்டும். திரையில் வாய்கள் மட்டும் அசையும். முதலில் விசித்திரமாக இருந்தது. ஆனால் வீட்டில் வாய் திறந்து பாடாத ஆண்கள் பாடினார்கள் என்று அவர்கள் மனைவிமார் சொன்னார்கள், அது நல்ல விஷயம்.

இலவச ஜூமில் நாற்பது நிமிஷம்தான். இரண்டாவது பாடம் வாசிக்கும்போது கூட்டம் தானாக முடிந்து எல்லாரும் மறுபடி உள்ளே வர வேண்டியிருந்தது. அப்புறம் ஆயர் பிரசங்கத்தைப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் கொண்டுவந்தார். இன்றைக்கும் அதே அளவுதான். சபையார் அதற்கு மனதார நன்றி சொல்கிறார்கள்.

யூடியூப்பில் கைப்பேசியிலிருந்து நேரலை செய்ய அப்போது ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். நூற்றைம்பது குடும்பச் சபைக்கு ஆயிரம் எங்கே போவது? வாலிபர்கள் துபாய், பெங்களூர், சென்னையில் இருக்கிற சொந்தக்காரர்களையெல்லாம் பிடித்தார்கள். மடிக்கணினி வழியாக என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று கல்லூரிப் பிள்ளை ஒருத்தி கண்டுபிடித்த பிறகுதான் நிம்மதி.

ஆனால் பட்டன் போன் மட்டும் வைத்திருக்கிற அம்மாமார்? எங்கள் பட்டியலில் அப்படிப்பட்ட வீடு கணிசம். அவர்களுக்குக் காலை ஆறு மணிக்குக் கான்ஃபரன்ஸ் கால். ஒரு அழைப்பில் ஐந்து பேர்தான் சேர முடியும், அதனால் ஐந்தைந்து பேராகப் பிரித்தோம். ஒருவர் சங்கீதம் வாசிப்பார், ஒருவர் ஜெபம் செய்வார், மூன்றாமவர் தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். திரும்பி வந்து ஆமென் சொல்வார். அந்த ஐவர் குழுக்களில் இரண்டு இன்று வரை தினமும் நடக்கின்றன, ஆறு மணிக்கே.

13 பிப்ரவரி 2022

திருவிருந்து, அதாவது ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்வது பற்றிக் கேட்டவருக்கு. இது நீளும்.

2020 பெரிய வியாழன் ஏப்ரல் 9. பல சபைகளில் வீட்டில் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைத்துக்கொண்டு, திரையில் ஆயர் சொல்லும்போது உட்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் ஆயர் அதைச் செய்யவில்லை. ஒன்றாய்க் கூடாமல் எடுப்பதற்குப் பதில் எல்லாரும் ஒன்றாய்ப் பட்டினி இருப்போம் என்றார். ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து, அந்த வருஷம் எங்களுக்குச் செப்டம்பர் வரை நீண்டது. செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. தனியாக இருக்கிற ஒரு விதவைக்கு அந்த ஒரு துண்டு ரொட்டி என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பட்டினி இருந்ததால் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. பல வருஷமாக வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள், அது இல்லாதபோது அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் 2020 செப்டம்பர் 1-ல் திறந்தன. முதல் ஞாயிறு செப்டம்பர் 6. அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் வர வேண்டாம் என்பது அறிவுரை. அதிகம் ஏங்கியவர்கள் அவர்கள்தான். அப்பத்தை ரசத்தில் தோய்த்து உள்ளங்கையில் வைத்தார் ஆயர். சில மாதம் கழித்து சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்தன. ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பது நின்றது.

இதில்தான் எங்கள் சபையில் ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கிருமி பயம் புரிகிறது என்றார். ஆனால் மதுரை மண்ணில் அந்த ஒற்றைப் பாத்திரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு என்று நினைவுபடுத்தினார். 1834-ல் இங்கே வந்த அமெரிக்க மதுரை மிஷன், சபைக்குள் சாதியை விட மறுத்தவர்களோடு நெடுநாள் போராடியது. எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும் என்றது. மறுத்த உபதேசிகள், அதாவது மிஷனின் உள்ளூர் ஊழியர்கள், வேலையை இழந்தார்கள். வெளியே டீக்கடையில் தனி டம்ளர் இருந்த காலத்தில், உள்ளே ஒரே கிண்ணத்தில் ஒருவர் வாய் வைத்த இடத்தில் அடுத்தவர் வாய் வைத்தார். பெரியவரின் தாத்தா அப்படி வாய் வைப்பதற்காகவே கோயிலுக்கு வந்ததாகச் சொன்னார். எங்கள் குடும்பத்தை யாரும் மனுஷராக நடத்தின முதல் இடம் அது, இப்போது எனக்குத் தனிக் கிண்ணமா என்று கேட்டார்.

அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நோய்க்காக மாற்றியது நோயோடு போய்விட வேண்டும் என்பது என் எண்ணம். வசதியாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது என்று சின்னக் கிண்ணம் நிரந்தரமானால், பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கு அது ஒரு மறைவிடம் ஆகிவிடும். அப்படிப்பட்டவர்கள் எங்கள் சபையிலும் இல்லாமல் இல்லை.

14 பிப்ரவரி 2022

சபை கூடிவருவதை விட்டுவிடாதீர்கள் என்கிற எபிரெயர் 10:25 வசனத்தைக் காட்டி, கோயிலைப் பூட்டியதே விசுவாசக் குறைவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1527-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது, திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் ஊரை விட்டு ஓடவில்லை, நோயாளிகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். அவரே எழுதிய கடிதத்தில், தான் தேவைப்படாத இடத்துக்கும் ஆளிடத்துக்கும் போகாமல் இருப்பேன், என் மூலம் பிறருக்குத் தொற்றக் கூடாது, ஆனால் அயலான் தேவை என்றால் தயங்காமல் போவேன் என்ற பொருளில் சொல்கிறார். கோயிலைப் பூட்டினோம். மாத்திரை வாங்கிக் கொடுக்க எங்கள் பையன்கள் கைப்பையோடு போனார்கள். அந்தக் கடிதம் சொல்வதும் இதைத்தான்.

2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் முழு ஊரடங்கு போட்டார்களே, அதற்கு முந்தின நாள் காய்கறிக்கடைகளில் ஜனங்கள் முண்டியடித்தது நினைவிருக்கும். எங்கள் பட்டியல் வீடுகளில் ஒரு வயதானவரும் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. முன்பே வாங்கி வாசலில் வைத்துவிட்டோம். இது எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

27 பிப்ரவரி 2022

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அடக்கங்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லெறிந்ததைக் கேட்டபோது எங்கள் சபையில் வயதானவர்கள் நடுங்கிப்போனார்கள். மரணத்துக்குப் பயந்தவர்கள் குறைவு, மண் கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான் பயம். அடக்கத்தைத் தடுத்தால் சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்த செய்தியை நான் போனில் பத்து வீட்டுக்கும் வாசித்துக் காட்டினேன். அன்று யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

2021 மே மாதம் வந்தது. ஏப்ரல் 26 முதலே கோயில் மறுபடி பூட்டு. தோப்பூர் அரசு மருத்துவமனையில் இடம் இருக்கிறதா, ஆக்சிஜன் படுக்கை எங்கே என்று இரவெல்லாம் போன். பட்டியலில் வீடுகளைக் கோடு போட்டு அடிக்க வேண்டி வரும் என்று 2020-ல் நாங்கள் நினைக்கவில்லை.

கொரோனாவில் இறந்தவரைக் குளிப்பாட்டக் கூடாது, முத்தமிடக் கூடாது, உடல் வைத்த பையைத் திறந்து தூரத்திலிருந்து முகம் பார்க்கலாம், இருபது பேருக்கு மேல் கூடாது. ஆயர் கவச உடையில் நின்று ஜெபத்தை வாசித்தார். நம் வழக்கத்தில் குழிக்குள் ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போடுவோம். தனிமைப்படுத்தலில் இருந்த மகனும் மருமகளும் வர முடியாத அடக்கங்களில் அந்த மண்ணை யார் போடுவது? வாலிபர் சங்கத்துப் பையன்கள் போட்டார்கள். போடும்போது மகன் பெயரைச் சொல்லி, இது அவர் சார்பில் என்று வாய்விட்டுச் சொல்லிப் போட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

குழி வெட்டுகிறவர் பயந்து வராத ஒரு நாள், பக்கத்துப் பள்ளிவாசல் தெருப் பையன்கள் கவச உடையோடு வந்து இறக்கி வைத்தார்கள். தமிழ்நாடு முழுக்க தமுமுக, அதாவது தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் தொண்டர்கள் எந்த மதம் என்று பார்க்காமல் எத்தனையோ பேரை அடக்கம் செய்தார்கள், தகனமும் செய்தார்கள். எங்கள் சபையில் அதற்கு முன்பு அந்தத் தெருவைப் பற்றிச் சிலர் பேசிய பேச்சு வேறு. அந்த நாளுக்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

துக்க வீட்டுக்குப் போக முடியாதது எல்லாவற்றையும் விடக் கொடுமை. மூன்றாம் நாள் ஜெபம் போனில். அழுகிற சத்தம் வெட்டி வெட்டிக் கேட்கும். என்ன சொல்வதென்று தெரியாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். அவர்களும் வைக்கவில்லை.

2021 நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று, யாரும் கூட வராமல் போனவர்களின் பெயர்களையெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் வாசித்தோம். வருகிற வருஷமும் வாசிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

3 மார்ச் 2022

நேற்று சாம்பல் புதன், லெந்து தொடங்கும் நாள். கோயில் நிறைந்திருந்தது. கேள்வி கேட்ட சகோதரர் கவனிக்க வேண்டும், அந்த ஆராதனைக்கும் நேரலை இருந்தது.

பணம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். காணிக்கை பாதியாகக் குறைந்தது. கைப்பேசி வழியாக அனுப்பச் சொன்னோம், சம்பளக்காரர்கள் அனுப்பினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காணிக்கைப் பைக்குள் கையை விட்டால் பத்து ரூபாயா ஐந்நூறா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஜிபேயில் பெயரும் தொகையும் பொருளாளர் திரையில் வந்து நிற்கும். பத்து ரூபாய் போடுகிற வீடுகள் கூச்சப்பட்டு நிறுத்திவிட்டன. ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி வருஷந்தோறும் பிரசங்கம் கேட்கிற சபையில் இது நடந்தது. சந்தா அக்கா சொன்ன பிறகு, கோயில் கேட்டுக்கு வெளியே பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வைத்தோம். மாலையில் பால் வாங்கப் போகிற வழியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலம் வாட்ஸ்அப்பில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வழக்கமாகக் கோயில் வளாகத்தில் பந்தலுக்குக் கீழே சேவல், பூசணி, வாழைத்தார், ஒரு எலுமிச்சம்பழம் என்று கூவிக் கூவி ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் ஒவ்வொன்றாகப் படம் போட்டு, பதினைந்து நிமிஷத்துக்குள் தொகை எழுத வேண்டும் என்று வைத்தோம். சேவல் கொடுத்தவர் படத்தோடு அது கூவுகிற குரல் பதிவையும் போட்டார். உடனே குழு முழுக்கச் சிரிப்பு. அமெரிக்காவில் இருக்கிற ஒரு மகனுக்கும் குவைத்தில் இருக்கிற ஒரு மருமகனுக்கும் போட்டி. சேவல் விலை எங்கேயோ போய், கடைசியில் ஏலம் எடுத்தவர் அதை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தவரிடமே விட்டுவிட்டார். அந்தப் பணம் தறி நின்றுபோன வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் ஆனது.

5 மார்ச் 2022

கிராமச் சபைகள் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே ஆயரின் கீழ் இருக்கிற சபைகளில், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஓட்டுக் கோயில் இருக்கிறது. ஆண்டு வருமானம் பத்தாயிரத்துக்குக் குறைந்த கிராமப்புற வழிபாட்டுத் தலங்களை 2020 ஜூலை 1 முதல் திறக்கலாம் என்று அரசு சொன்னபோது, அந்தக் கோயில் திறந்துவிட்டது. மதுரை நகரத்தில் நாங்கள் அந்த வாரமும் முழு ஊரடங்கில் இருந்தோம். எங்களுக்குக் கோயில் செப்டம்பரில்தான். இத்தனை வருஷமாக நாங்கள் அவர்களுக்குப் பழைய பாய், பழைய பாட்டுப் புத்தகம், கிறிஸ்துமஸ் சேலை என்று அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு மாதம், நகரத்து வீடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர்கள் ஜெபம் செய்தார்கள். பெயர்ப் பட்டியலை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஏழை என்பதால்தான் அவர்கள் கதவு முதலில் திறந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

6 மார்ச் 2022

அதோடு சேர்த்து இதையும். 2021 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுவரை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்கள் பூட்டு. ஞாயிறு இல்லாத கோயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல சபைகள் இணையத்தோடு நின்றன. நாங்கள் வியாழன் மாலை ஏழு மணிக்கு ஆராதனை வைத்தோம்.

வந்தவர்களைப் பார்த்து எங்களுக்கே ஆச்சரியம். துணிக்கடையில் நிற்கிற பெண்கள். ஞாயிறுதான் அவர்களுக்கு அதிக வியாபாரம், விடுப்பே கிடையாது. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்த நர்சுகள், பஸ் ஓட்டுகிறவர், ஹோட்டலில் மாவு அரைக்கிறவர். பெரிய பண்டிகைக்கு மட்டும் தலையைக் காட்டுகிறவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்த ஆட்கள்தான் இவர்கள். ஞாயிறு காலை எட்டரை மணி என்பது அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கான நேரம். அதை நாங்கள் நூறு வருஷமாகக் கவனிக்கவில்லை.

அக்டோபரில் ஞாயிறு திரும்பியதும் வியாழனை நிறுத்திவிட்டார்கள். நான் கமிட்டியில் எதிர்த்தேன், எடுபடவில்லை. இன்னும் விடவில்லை.

20 மார்ச் 2022

மூலக் கேள்விக்கு நேராக வருகிறேன். பாதி பெஞ்சு ஏன் காலி? ஊகிக்க வேண்டாம் என்று நாங்கள் பட்டியலை எடுத்தோம். பிப்ரவரி முழுக்க, வராதவர் வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராக நேரில் போனோம். கணக்குக் கேட்கப் போகவில்லை, டீ குடிக்கப் போனோம்.

திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போனவர்கள் பலர். அவர்கள் வீடே காலி. சந்தா பாக்கி ஏறிவிட்டது, கோயிலுக்கு வந்தால் யாராவது கேட்பார்களோ என்று வராதவர்கள் இருந்தார்கள். இது எங்களுக்குப் பெரிய அடி. மறு ஞாயிறே ஆயர் பாக்கியெல்லாம் தள்ளுபடி என்று அறிவித்துவிட்டார். கணவனை இழந்த பெண்கள், இருவராக உட்கார்ந்த அதே பெஞ்சில் தனியாக உட்கார முடியவில்லை என்றார்கள். அவர்களுக்கு நாங்கள் செய்தது சின்ன விஷயம்தான்: ஒருத்தி வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்து, வேறு பக்கத்துப் பெஞ்சில் தன்னோடு உட்கார வைத்துக்கொள்வாள். கொரோனா வந்துபோன பிறகு மூச்சு வாங்குகிறது, படி ஏற முடியவில்லை என்றவர்களும் உண்டு. எங்கள் கோயிலுக்குச் சரிவுப் பாதை கிடையாது. கட்டித் தர ஒரு கொத்தனார் சகோதரர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

சோம்பலால் திரையில் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவர்கள்? இருக்கிறார்கள். கொஞ்சம் பேர். அவர்கள் 2019-லும் மாதம் ஒரு தடவைதான் வந்தார்கள்.

நேரலையை நிறுத்தினால் இந்தச் சோம்பல்காரரில் நாலு பேர் வரக்கூடும். படுக்கையில் இருக்கிற பதினைந்து பேர் இருட்டில் போவார்கள். மகனோடு துபாயில் இருக்கிற அம்மா போவார். உங்கள் செயலாளரிடம் சண்டை போட வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு ஐந்து வீட்டுக்குப் போய் வாருங்கள்.

11 ஏப்ரல் 2022

நேற்று குருத்தோலை ஞாயிறு. மூன்று வருஷத்துக்குப் பிறகு தெருவில் பவனி. 2020-ல் இதே ஞாயிறு ஏப்ரல் 5, அன்று இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைத்து மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்ன நாள். காலையில் பிள்ளைகள் மொட்டை மாடியில் தென்னங்கீற்றைக் கிழித்து ஓசன்னா பாடினார்கள், இரவில் ஊரே மாடியில் நின்றது.

வருகிற 15-ம் தேதி பெரிய வெள்ளியும் மீனாட்சி தேரோட்டமும் ஒரே நாள். மாசி வீதிகளுக்குள் இருக்கிற நம் குடும்பங்கள் பன்னிரண்டு மணி தியானத்துக்கு ஆற்றைக் கடந்து வருவது கஷ்டம். சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்கள், அல்லது நேரலையில் இருக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அன்று அது தேவை. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். 2020-லும் 2021-லும் அவர் ஆற்றுக்கு வரவில்லை. திருக்கல்யாணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டு அம்மா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். நாங்கள் ஈஸ்டரை இழந்தபோது அவர் என் வீட்டு வாசலில் தூரமாக நின்று விசாரித்தார். அவர் திருவிழாவை இழந்தபோது நான் போய் நின்றேன். இந்த வருஷம் எங்கள் வாலிபர்கள், அழகரை மதுரைக்கு வரவேற்கிற எதிர்சேவைக் கூட்டத்துக்கு நீர்மோர் கொடுக்கப் போகிறார்கள். பெரிய வெள்ளி அன்று நாமே உபவாசத்தில் இருக்கும்போது மோர்ப் பந்தலா என்று ஒருவர் கேட்டார். உபவாசம் இருக்கிறவர்கள்தான் தாகத்தை அறிவார்கள் என்று சந்தா அக்கா சொல்லிவிட்டார்.

24 ஏப்ரல் 2022

இன்று ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. முடிவானவை:

நேரலை தொடரும். கேமரா ஒரே இடத்தில் நிற்கும், யாரும் அதற்காக நடிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் வீட்டிலிருப்பவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துவோம். மாதத்தில் முதல் வியாழன் மாலை ஆராதனை மறுபடி வருகிறது. நேரம் ஏழு போதாது என்று துணிக்கடைப் பெண்கள் சொன்னதால் எட்டு மணி. திருவிருந்துப் பாத்திரம் பற்றி இன்னும் முடிவில்லை, தலைமையாசிரியர் ஐயாவையே அடுத்த கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். போன் பட்டியல் இனி நிரந்தரம். வருஷத்துக்கு ஒரு தடவை வீடுகளை மாற்றிப் பிரிப்போம், ஒரே ஆள் களைத்துப்போகக் கூடாது.

புதிதாகப் பட்டியல் எடுத்த ஒரு தங்கை, முதல் அழைப்பில் என்ன பேசுவது என்று எனக்குத் தனியாக எழுதிக் கேட்டாள். எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே சொல்கிறேன். யார் பேசுகிறாய் என்று தெளிவாகச் சொல், அப்பா பெயரையும் சேர்த்துச் சொல், அப்போதுதான் வயதானவர்களுக்கு அடையாளம் தெரியும். மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை கூப்பிடாதே, தூங்குவார்கள். சாப்பிட்டீர்களா என்று கேள், மாத்திரையைக் கேள். ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று மட்டும் கேட்காதே. அவர்களாகச் சொன்னால் குறித்துக்கொண்டு, என்ன செய்ய முடியும் என்று அன்றைக்கே ஆயரிடம் சொல். ஜெபம் வேண்டுமா என்று கடைசியில் கேள். வேண்டாம் என்றால் அடுத்த வியாழன் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மறக்காமல் கூப்பிடு.